‘நன்றாகப் புரிந்தது’ என்றால் என்ன பொருள்? சாட்பாட்டிடம் வேதியியல் கேட்கும் மாணவர்கள்

கல்லூரியில் வேதியியல் படிக்கிறவர்களிடம் ஏ.ஐ. சாட்பாட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். “பாடப்புத்தகத்தைவிட நன்றாகப் புரிகிறது, ஆனால் முழுசாக நம்ப முடியாது” என்று ஒரே மூச்சில் இரண்டு விஷயம் சொல்வார்கள். கேட்டவர் ஏ.ஐ. ஆதரவாளராக இருந்தால் முதல் பாதியை எடுத்துக்கொண்டு போவார். எதிர்ப்பாளராக இருந்தால் இரண்டாம் பாதியை. பிறகு இருவரும் ‘மாணவர்களே சொல்கிறார்கள்’ என்று ஆளுக்கொரு பக்கம் வாதாடுவார்கள்.

மாணவர் சொன்ன இரண்டு பாதியுமே உண்மைதான். ஆனால் அவை எதைப் பற்றிய உண்மை என்பதில்தான் குழப்பம். அதைப் பிரித்துப் பார்க்க இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். இவ்வளவு சரளமாக எழுதும் இயந்திரம் வேதியியலில் ஏன் தடுக்கி விழுகிறது? ‘புரிந்தது’ என்று மாணவர் சொல்லும்போது எதைச் சொல்கிறார்? பள்ளிக்கூட வேதியியல் லேசாக நினைவிருந்தால் போதும், கணினியைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆணி ஒன்று, மாடி மூன்று

முதலில் இயந்திரத்தை விட்டுவிட்டு வேதியியலைப் பார்ப்போம். இது ஏன் பலருக்குக் கசக்கிறது?

நீல நிறக் காப்பர் சல்ஃபேட் கரைசலில் ஓர் இரும்பு ஆணியைப் போடுங்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஆணியின் மேல் செம்பழுப்பாக ஏதோ படிந்திருக்கும், கரைசலின் நீலம் வெளிறத் தொடங்கியிருக்கும். இது கண்ணால் பார்ப்பது. இதே நிகழ்ச்சியை அணுக்களின் அளவில் சொன்னால், கரைசலில் இருக்கும் ஒவ்வொரு காப்பர் அயனியும் ஓர் இரும்பு அணுவிடமிருந்து இரண்டு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு உலோகமாகி ஆணியில் படிகிறது, எலக்ட்ரான்களை இழந்த இரும்பு அயனியாகிக் கரைசலுக்குள் போகிறது. மூன்றாவதாக, கரும்பலகையில் எழுதும் சமன்பாடு: குறியீடுகள், ஓர் அம்புக்குறி, அயனியின் மேலே ‘2+’ என்ற அடையாளம்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1991-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்த மூன்றையும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாக வைத்தார். பார்ப்பது, பார்க்க முடியாத அணு அளவில் நடப்பது, எழுதுவது. இவற்றை ஒரு வீட்டின் மூன்று மாடிகள் என்று வைத்துக்கொள்வோம். வேதியியல் தெரிந்தவர்கள் இந்த மூன்று மாடிகளிலும் யோசிக்காமல் ஏறி இறங்குவார்கள். “காப்பர் ஒடுக்கமடைவதால் நிறம் மங்குகிறது” என்று ஆசிரியர் சொல்லும் ஒரு வரியிலேயே எலக்ட்ரானும் இருக்கிறது (ஒடுக்கம் என்றால் எலக்ட்ரானைப் பெறுவது), கண்ணுக்குத் தெரியும் நிறமும் இருக்கிறது. புதிதாகப் படிக்கிறவருக்கு எப்போது எந்த மாடியில் நிற்கிறோம் என்றே தெரியாது. அதனால்தான் ஒரு காப்பர் அணுவை நெருங்கிப் பார்த்தால் அதுவும் செம்பழுப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார். தனி அணுவுக்கு அந்த நிறம் கிடையாது. கோடிக்கணக்கான அணுக்கள் உலோகமாகச் சேர்ந்து நிற்கும்போதுதான் அந்த நிறம்.

இதுவரை சொன்னது: வேதியியல் படிப்பது என்றால் மூன்று மாடிகளுக்கு இடையே நடமாடக் கற்பது. எந்த ஒரு மாடியிலும் தனியாக நிற்பது அவ்வளவு கடினமில்லை. படிக்கட்டுதான் கடினம்.

சுவருக்கு அப்பால் உட்கார்ந்தவர்

இப்போது ஒருவரைக் கற்பனை செய்யுங்கள். வகுப்பறைச் சுவருக்கு மறுபக்கம் பல ஆண்டுகள் உட்கார்ந்து, உள்ளே நடந்த பாடங்களையெல்லாம் காதால் மட்டும் கேட்டவர். சோதனைக்குழாயைத் தொட்டதில்லை, நீலம் எப்படியிருக்கும் என்று பார்த்ததில்லை. ஆனால் நினைவாற்றல் அபாரம். ‘காப்பர் சல்ஃபேட் கரைசல்’ என்று யாராவது ஆரம்பித்தால் ‘நீல நிறம்’ என்று முடித்துவிடுவார். ‘இரும்பு ஆணி’ என்றால் ‘எலக்ட்ரான் இழப்பு’ என்பார். வாக்கியங்கள் அப்படியே பேராசிரியர் பேசுவதுபோல இருக்கும்.

சாட்பாட் ஏறக்குறைய இவர்தான். அதன் உள்ளே இருப்பது *மொழி மாதிரி*. அதாவது, கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொற்களுக்குப் பின் எது வரக்கூடும் என்று கணிக்கப் பழகிய பெரிய கணக்கு. அது எப்போதும் முழுச் சொற்களாகப் பார்ப்பதில்லை. எழுத்துகளைத் துண்டு துண்டாக நறுக்கிக்கொள்கிறது, அந்தத் துண்டுக்கு *டோக்கன்* என்று பெயர். நீங்கள் கேள்வி கேட்டதும், அடுத்து வரக்கூடிய ஒவ்வொரு டோக்கனுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டு ஒன்றை எடுக்கிறது. எடுத்ததைக் கேள்வியோடு ஒட்டி, மறுபடி கணக்கிட்டு அடுத்ததை எடுக்கிறது. பதில் முடியும் வரை இதுதான் வேலை. எப்போதும் அதிக வாய்ப்புள்ளதையே எடுப்பதில்லை என்பதால்தான் ஒரே கேள்விக்கு இரண்டு முறை இரண்டு விதமாகப் பதில் வருகிறது.

இந்தக் கணக்குக்கு அடிப்படையான டிரான்ஸ்ஃபார்மர் என்ற வடிவமைப்பை கூகுள் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்டார்கள். சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது 2022 நவம்பர் 30-இல். இடையில் இன்னொரு வேலையும் நடந்தது. மாதிரி தரும் பதில்களை மனிதர்களிடம் காட்டி ‘எது மேல்?’ என்று கேட்டு, அவர்களுக்குப் பிடித்த பக்கமாக அதை வளைத்தார்கள். இதனால்தான் அது பணிவாக, வரிசைப்படுத்தி, பொறுமையாகப் பேசுகிறது. இதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. சரியான பதிலைச் சொன்ன பிறகு “நீ சொன்னது தப்பு” என்று அடித்துச் சொல்லிப் பாருங்கள், சில நேரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தவறான விடைக்கு மாறிவிடும். நல்ல ஆசிரியர் அந்த இடத்தில் மாறமாட்டார்.

இதைக் கேட்டு ‘வெறும் அடுத்த சொல்லைச் சொல்லும் விளையாட்டுதானா’ என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். அடுத்த சொல்லைச் சரியாகக் கணிக்க விஷயத்தின் ஒழுங்கை ஓரளவு பிடித்திருக்க வேண்டும். சுவருக்கு அப்பால் இருப்பவர் நிறையவே கற்றிருக்கிறார். ஆனால் சொற்களின் வழியாகக் கற்றார், அதாவது மூன்றாவது மாடியில் இருந்துகொண்டே. மற்ற இரண்டு மாடிகளைப் பற்றி மற்றவர்கள் பேசியது அவருக்குத் தெரியும். அவ்வளவுதான்.

பெயரை நறுக்கினால் மூலக்கூறு சிதறும்

டோக்கன் என்ற சின்ன விஷயம் வேதியியலில் பெரிய தொல்லை. 2,2,4-டிரைமெத்தில்பென்டேன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். வேதியியல் மாணவர் இதை ‘பென்டேன், ஆக 5 கார்பன். டிரைமெத்தில், இன்னும் 3. மொத்தம் 8’ என்று பொருள் தெரிந்து பிரிக்கிறார். டோக்கன் நறுக்கும் கத்திக்கு இந்தப் பொருள் தெரியாது. எழுத்துகள் எங்கே அடிக்கடி சேர்ந்து வருகின்றனவோ அதன்படி வெட்டும். பழக்கமான பெயர் என்றால் பிரச்சினையில்லை, விடை மனப்பாடமாகவே இருக்கும். அதிகம் யாரும் எழுதாத நீண்ட பெயரைக் கொடுத்தால்தான் கார்பன் ஒன்று கூடும், ஒன்று குறையும்.

மூலக்கூறின் அமைப்பை ஒரே வரியில் எழுத்துகளாக எழுத ஸ்மைல்ஸ் என்றொரு முறை உண்டு, 1980-களில் டேவிட் வைனிங்கர் உருவாக்கியது. எத்தனாலை அதில் ‘சி சி ஓ’ என்று எழுதிவிடலாம். இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன், ஹைட்ரஜன்கள் தாமாகப் புரிந்துகொள்ள வேண்டியவை. சாட்பாட்டுக்குப் பொருத்தமான மொழிதான். ஆனால் வளையமும் கிளையும் உள்ள மூலக்கூறில் ஓர் அடைப்புக்குறி இடம் மாறினால் வேறொரு மூலக்கூறாகிவிடும். படம் வரையும் ஏ.ஐ.யிடம் கேட்டால் இன்னும் வேடிக்கை. நான்கு பிணைப்புக்கு மேல் தாங்காத கார்பனுக்கு ஐந்து கோடு போட்டு, நிழலெல்லாம் கொடுத்து அழகாகத் தரும்.

இல்லாத ஒன்றை இருப்பதுபோலத் தெளிவாகச் சொல்வதை *மாயத்தகவல்* என்று வைத்துக்கொள்வோம். ஒரு சேர்மத்தின் உருகுநிலை, எங்கோ வெளியானதாக ஒரு ஆய்வுக்கட்டுரை என்று எண்ணும் பெயருமாக வரும். அது பொய் சொல்ல நினைத்துச் சொல்வதில்லை. அந்த இடத்தில் ஓர் எண் வர வேண்டும் என்று கணக்குக்குத் தெரிகிறது, எந்த எண் என்பதற்குத்தான் பிடிமானம் இல்லை.

பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வருமா?

மேலே சொன்னவை வெளிப்படையான பிழைகள். கவனமாக இருந்தால் பிடித்துவிடலாம். எனக்கு அதிகம் கவலை தருவது வேறு வகை. மனிதர்கள் எல்லோரும் வழக்கமாகச் செய்யும் பிழையை இயந்திரம் அப்படியே சுமந்து வருவது.

வேதிப் பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது என்று எத்தனையோ பேர் நம்புகிறார்கள். ‘பிணைப்பில் சேமித்து வைத்த ஆற்றல்’ என்ற சொற்றொடர் இந்த நம்பிக்கையை வளர்க்கிறது. உண்மை நேர் எதிர். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு காந்தங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பிரிக்க நாம்தான் பலம் போட வேண்டும். விட்டால் ‘டக்’கென்று சத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம்தான் வெளியான ஆற்றல். பிணைப்பும் அப்படியே. உடைக்க ஆற்றல் கொடுக்க வேண்டும், உருவாகும்போது ஆற்றல் வரும்.

அப்படியானால் ஹைட்ரஜன் எரியும்போது வெப்பம் எங்கிருந்து வருகிறது? கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். இரண்டு மோல் ஹைட்ரஜனும் ஒரு மோல் ஆக்சிஜனும் சேர்ந்து இரண்டு மோல் நீராவி தருகின்றன. (மோல் என்பது டஜன் மாதிரி ஓர் எண்ணிக்கை அளவு. டஜனுக்கு 12 என்றால் மோலுக்கு சுமார் 6-க்குப் பின் 23 பூஜ்யங்கள்.) ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்களைச் சேர்க்கும் பிணைப்பை உடைக்க மோலுக்கு 436 கிலோஜூல் வேண்டும், இரண்டுக்கு 872. ஆக்சிஜனின் இரட்டைப் பிணைப்புக்கு 498. ஆக மொத்தச் செலவு 1370. நீரில் உருவாகும் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு ஒவ்வொன்றும் சுமார் 463 தரும். மூலக்கூறுக்கு இரண்டு பிணைப்பு, இரண்டு மோல் நீருக்கு நான்கு. வரவு 1852. வரவில் செலவு போக மிச்சம் 482 கிலோஜூல். கையில் சுடும் வெப்பம் இந்த மிச்சம்தான். உடைத்ததில் ஒரு பைசா வருமானம் இல்லை, எல்லாம் புதிதாகக் கட்டியதில் வந்தது.

இப்போது சாட்பாட். “பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வெளிப்படுமா?” என்று நேராகக் கேட்டால் இன்றைய சாட்பாட்கள் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும். இந்தக் கேள்வியே பிரபலம், இதற்கான விளக்கமும் பிரபலம். ஆனால் கேள்வியை உயிரியல் பக்கம் கொண்டுபோய், செல்களுக்குள் ஆற்றலைக் கைமாற்றும் ஏ.டி.பி. மூலக்கூறைப் பற்றிக் கேளுங்கள். “பாஸ்பேட் பிணைப்பு உடைந்து ஆற்றல் வெளியாகிறது” என்ற வழக்கமான வாசகத்துக்குள் அது சறுக்கிவிடலாம், ஏனென்றால் எழுதிய மனிதர்கள் அந்த இடத்தில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அதே இயந்திரம் ஒரு பத்தியில் சரி, மறுபத்தியில் தவறு. சுவருக்கு அப்பால் இருந்தவர் இரண்டு வகுப்பில் கேட்டதையும் சொல்கிறார், இரண்டும் மோதுவது அவருக்கு உறைப்பதில்லை.

மாணவர் இதைக் கண்டுபிடிப்பாரா? கண்டுபிடிக்க எது தெரிந்திருக்க வேண்டுமோ, அதைத் தெரிந்துகொள்ளத்தானே அவர் வந்திருக்கிறார்! ‘முழுசாக நம்ப முடியாது’ என்று பொதுவாகச் சொல்கிற அதே மாணவர், குறிப்பிட்ட ஒரு பதிலைப் பார்க்கும்போது நம்பிவிடுவதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமில்லை. சந்தேகப்பட ஒரு பிடி வேண்டும், அது இன்னும் அவர் கைக்கு வரவில்லை.

சுருக்கமாக: பிழை மூன்று விதம். நறுக்கலால் வரும் எண்ணிக்கைப் பிழை, பிடிமானமில்லாத மாயத்தகவல், மனிதரிடமிருந்து தொற்றிய தளர்வான பேச்சு. மூன்றாவதுதான் சத்தமில்லாமல் உள்ளே போகும்.

எந்த ஆண்டின் சாட்பாட்?

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘சாட்பாட்’ என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது ஒரே பொருள் இல்லை. அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் எழுதும் ஏ.பி. வேதியியல் தேர்வில் 5-க்கு 2 வாங்கியது, சாட்ஜிபிடி முதலில் வந்தபோது அதன் உள்ளே இருந்த ஜிபிடி-3.5. 2023 மார்ச்சில் வந்த ஜிபிடி-4 அதே தேர்வில் 4 வாங்கியதாக, இரண்டையும் உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் தன் அறிக்கையில் சொன்னது. சில மாதங்களில் இவ்வளவு வித்தியாசம். அதற்குப் பிறகு வந்தவை பதில் சொல்லும் முன் படிப்படியாக யோசித்து எழுதிக்கொள்கின்றன, கூட்டல் பெருக்கலுக்குத் தனி நிரலை இயக்கிக்கொள்கின்றன. பிழை குறைந்தது, ஒழியவில்லை.

ஆகவே ‘மாணவர்கள் சாட்பாட்டை நம்பவில்லை’ என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டு கேட்டது, இலவசப் பதிப்பா கட்டணப் பதிப்பா என்று கேளுங்கள். 2023 தொடக்கத்தில் சூடுபட்ட மாணவரின் அவநம்பிக்கை அன்றைய இயந்திரத்தைப் பற்றியது.

மாணவர்கள் உண்மையில் எதைச் சொல்கிறார்கள்?

மாணவர்களிடம் எடுக்கும் கருத்துக்கணிப்புகளிலும் பேட்டிகளிலும் திரும்பத் திரும்ப வரும் சங்கதிகள் சில உண்டு. நள்ளிரவிலும் பதில் கிடைக்கிறது. ஒரே சந்தேகத்தைப் பத்து தடவை கேட்டாலும் முகம் சுளிப்பதில்லை. ‘இதுகூடத் தெரியாதா’ என்ற பார்வை இல்லை. இன்னும் எளிதாகச் சொல் என்றால் சொல்கிறது. ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர் தன் மொழியில் கேட்டுக்கொள்ளலாம். இவற்றில் பாதி வேதியியலைப் பற்றியதே அல்ல, வெட்கத்தைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். எழுந்து நின்று சந்தேகம் கேட்கத் தயங்குகிற மாணவருக்கு இது சின்ன விஷயமில்லை. இந்த ஒன்றுக்காகவே சாட்பாட்டை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

இயந்திரத்திடம் மனம்விட்டுப் பேசும் பழக்கமும் புதிதல்ல. 1966-இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம், எலைசா என்றொரு சின்ன நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாக்கும், வேறொன்றும் தெரியாது. அதனிடமே மனிதர்கள் அந்தரங்கத்தைக் கொட்டினார்கள். சாட்பாட்டோ அதைவிட ஆயிரம் மடங்கு நன்றாகப் பேசுகிறது.

கவலைகளும் அதே மாணவர்களிடமிருந்தே வருகின்றன. விடை தவறாக இருக்கலாம், குறிப்பாகக் கணக்கிலும் மூலக்கூறு அமைப்பிலும். பழகிவிட்டால் தானாக யோசிப்பது நின்றுவிடுமோ என்ற பயம். இது ஏமாற்று வேலையா இல்லையா என்று தெரியாத குழப்பம், ஏனென்றால் ஒரு பேராசிரியர் அனுமதிக்கிறார், அடுத்த அறையில் இருப்பவர் தடுக்கிறார்.

ஐந்து கட்டங்களுக்குள் ஒரு மனம்

இந்தக் கருத்துகளை எப்படித் திரட்டுகிறார்கள்? ‘சாட்பாட் எனக்கு வேதியியலைப் புரிய உதவுகிறது’ என்று ஒரு வாக்கியம், எதிரே ஐந்து கட்டங்கள்: முற்றிலும் உடன்படுகிறேன் என்பதிலிருந்து சிறிதும் உடன்படவில்லை என்பது வரை. இதற்கு *லைக்கர்ட் அளவுகோல்* என்று பெயர், 1932-இல் இதை முன்வைத்த ரென்சிஸ் லைக்கர்ட்டின் பெயரால். புதிய தொழில்நுட்பத்தை மக்கள் ஏற்பார்களா என்று பார்க்க ஃபிரெட் டேவிஸ் 1989-இல் இரண்டு விஷயத்தைக் கேட்கச் சொன்னார்: இது பயன்படும் என்று தோன்றுகிறதா, சுலபமாக இருக்கும் என்று தோன்றுகிறதா. சாட்பாட் பற்றிய பல கணிப்புகள் இந்த வழியில்தான் போகின்றன.

‘தோன்றுகிறதா’ என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். டேவிஸ் அளக்க விரும்பியது அதைத்தான், நேர்மையாகவே சொன்னார். மக்கள் ஒரு கருவியைத் தொடர்ந்து பயன்படுத்துவார்களா என்று கணிக்க அது நல்ல அளவு. ஆனால் செய்தியாகும்போது ‘பயன்படும் என்று மாணவர்களுக்குத் தோன்றுகிறது’ என்பது ‘மாணவர்களுக்குப் பயன்படுகிறது’ என்று சுருங்கிவிடுகிறது. ஒரு சொல் உதிர்ந்ததும் கருத்து முடிவாக மாறிவிட்டது.

இன்னொன்று, ‘பயன்படுத்துகிறேன்’ என்ற ஒரே டிக்குக்குள் ஒருவர் வீட்டுப்பாடத்தை அப்படியே நகலெடுக்கிறார், இன்னொருவர் தான் போட்ட விடையைச் சரிபார்க்கிறார், மூன்றாமவர் ஆய்வக அறிக்கையின் ஆங்கிலத்தைத் திருத்துகிறார். மூவரையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைப்பது மூவரில் யாருமில்லாத ஒருவர்.

பாட்டோடு சேர்ந்து முணுமுணுப்பது

சரி, மாணவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே புரிந்ததாகத்தான் இருக்கிறது. அப்புறம் என்ன பிரச்சினை?

நமக்கு மிகவும் பிடித்த பாட்டு ஒலிக்கும்போது கூடவே பாடுகிறோம். ஒரு சொல் தவறுவதில்லை. நடுவில் ஒலியை நிறுத்தினால் அடுத்த வரி வராது. ஒலித்துக்கொண்டிருந்தவரை நமக்குத் தெரிந்தது எந்த வரி, பாடகர் எடுத்துக்கொடுத்தது எந்த வரி என்று உள்ளிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டும் ஒரே மாதிரி இனிக்கும். நல்ல விளக்கத்தைப் படிக்கும்போது நடப்பதும் இதுதான். தடங்கலில்லாமல் ஓடுவதை மனம் ‘எனக்குத் தெரியும்’ என்று எடுத்துக்கொள்கிறது. இதைச் *சரளமயக்கம்* என்று சொல்லலாம்.

இதைச் சோதித்துக் காட்டியவர்கள் உண்டு. 2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி இருவரும் ஒரு பத்தியை ஒரு குழுவிடம் நான்கு சுற்று படிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழு ஒரே ஒரு சுற்று படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் நான்கு சுற்று படித்தவர்கள் முன்னால்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தலைகீழ்: படித்தவர்கள் 40, நினைவுகூர்ந்தவர்கள் 61. நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் யார் தெரியுமா? திரும்பத் திரும்பப் படித்தவர்கள்.

2019-இல் ஹார்வர்டில் இயற்பியல் வகுப்பில் இன்னும் நேரடியாகப் பார்த்தார்கள். சரளமான விரிவுரை கேட்டவர்கள் நிறையக் கற்றதாக உணர்ந்தார்கள். முட்டி மோதிக் கணக்குப் போட்டவர்கள் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தேர்வில் மதிப்பெண் அதிகம் வாங்கியது இரண்டாம் கூட்டம். உணர்வும் கற்றலும் எதிரெதிர்த் திசையில் போன நாள் அது. அந்த நாளில் ஐந்து கட்டக் கணிப்பு எடுத்திருந்தால் எது ஜெயித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சாட்பாட்டையே வைத்துச் செய்த சோதனை ஒன்றும் 2025-இல் வெளியானது. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், கணிதம். சாதாரண சாட்பாட் கிடைத்தவர்கள் பயிற்சியின்போது மிக நன்றாகச் செய்தார்கள். பிறகு அதைப் பிடுங்கிவிட்டுத் தேர்வு வைத்தால், சாட்பாட்டே பார்க்காதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த சாட்பாட் கிடைத்த குழுவுக்கு இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. பள்ளிக் கணிதத்தை அப்படியே கல்லூரி வேதியியலுக்குப் பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும் இரண்டு சாட்பாட்டுக்கும் உள்ளே ஓடியது ஒரே மொழி மாதிரிதான், வித்தியாசம் எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதில் இருந்தது. கவனமாக வடிவமைத்த ஏ.ஐ. பயிற்றுநரோடு படித்த ஹார்வர்ட் இயற்பியல் மாணவர்கள் வகுப்பில் படித்தவர்களைவிட அதிகம் கற்றார்கள் என்றும் ஓர் ஆய்வு அதே ஆண்டு வந்தது.

இந்தப் பகுதியின் சாரம்: ‘புரிந்தது’ என்பது ஓர் உணர்வின் அறிக்கை. புரிதல் இருந்தாலும் அந்த உணர்வு வரும், சரளம் மட்டும் இருந்தாலும் வரும்.

எடையைக் கூட்டிப் பாருங்கள்

சந்தேகப்பட ஒரு பிடி வேண்டும் என்றேன். வேதியியலில் அந்தப் பிடி நிறையவே உண்டு, மலிவாகவும் கிடைக்கும்.

4 கிராம் ஹைட்ரஜன், 16 கிராம் ஆக்சிஜன். எவ்வளவு நீர் வரும்? சாட்பாட் படிப்படியாக, அழகாக, 36 கிராம் என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். சமன்பாட்டை மறந்துவிடுங்கள். உள்ளே போனது 20 கிராம், வெளியே 36 கிராம் எப்படி வரும்? எங்கோ தப்பு. (ஆக்சிஜன் முதலில் தீர்ந்துவிடும். 18 கிராம் நீர் வரும், 2 கிராம் ஹைட்ரஜன் மிஞ்சும். கூட்டினால் 20.) அதேபோல, மிக மிக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், லிட்டருக்கு 10 கோடியில் ஒரு பங்கு மோல். சூத்திரத்தில் போட்டால் பி.எச். 8 என்று வரும், 7-க்கு மேல் என்றால் காரம். அமிலத்தை ஊற்றி நீர் காரமாகுமா? ஆகாது. நீரே தன் பங்குக்குக் கோடியில் ஒரு பங்கு மோல் ஹைட்ரஜன் அயனி வைத்திருக்கிறது, அதையும் முறையாகக் கணக்கில் எடுத்தால் சுமார் 6.98. இந்த வகைச் சரிபார்ப்புக்குப் பெரிய அறிவு வேண்டாம். சந்தேகம் வரவேண்டிய இடம் எதுவென்று தெரிந்தால் போதும்.

கேட்கும் வரிசையும் முக்கியம். முதலில் தானே முயன்று, தப்போ சரியோ ஒரு விடை எழுதிவிட்டு, “என் விடையில் முதல் பிழை எந்த வரியில்? சரியான விடையைச் சொல்லாதே” என்று கேட்பது ஒரு வழி. “எனக்குப் பாடம் நடத்தாதே, என்னைக் கேள்வி கேள்” என்பது இன்னொன்று. இரண்டிலும் அது உங்களுக்குப் பதிலாகப் படி ஏறாது. ஆய்வகத்தில் எதை எதோடு கலக்கலாம் என்பதற்கு மட்டும் இதனிடம் போக வேண்டாம், அதற்கு வேதிப்பொருளோடு வரும் பாதுகாப்புத் தாள் இருக்கிறது.

கணிப்பு எடுப்பவர்களும் ஒரு சின்ன மாற்றம் செய்யலாம். ஐந்து கட்டங்களோடு நிறுத்தாமல், “இந்தப் பாடத்தில் இப்போது தேர்வு வைத்தால் பத்துக்கு எத்தனை வாங்குவாய்?” என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். பிறகு திரையை மூடச் சொல்லிவிட்டு, படித்த அதே உதாரணத்தைக் கேட்காமல் பக்கத்து உதாரணம் ஒன்றைக் கொடுக்கலாம். ஆணிக்குப் பதிலாகச் செம்புக் கம்பி, நீலக் கரைசலுக்குப் பதிலாக நிறமே இல்லாத சில்வர் நைட்ரேட் கரைசல். கம்பியின் மேல் என்ன படியும்? கரைசல் எந்த நிறத்துக்கு மாறும், எதனால்? சொன்ன எண்ணுக்கும் வாங்கிய எண்ணுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டு, அந்தத் தூரத்தை மாணவரிடமே காட்டி, சாட்பாட்டைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறாய் என்று கேட்கலாம்.